ராப்பை பொழுதுபோக்கு பக்கத்துலயே ஒதுக்கி வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ராப்னாலே கெட்ட வார்த்தையும் கத்தலும்தான்னு போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், அதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

ராப்புக்கு தாய்வீடான ஹிப் ஹாப் பொறந்தது 1973-ல நியூயார்க்கோட பிராங்க்ஸ் பகுதியில. ஏரியாவுக்கு நடுவுலயே எக்ஸ்பிரஸ்வே போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களை காலி பண்ண வச்சாங்க, வசதி இருந்தவங்க கிளம்பிட்டாங்க, பில்டிங் பில்டிங்கா எரிஞ்சுது, மிச்சம் இருந்த கறுப்பின பசங்களும் புவேர்ட்டோ ரிக்கோ பசங்களும் டர்ன்டேபிளையும் (இசைத்தட்டு சுத்துற கருவி) மைக்கையும் வச்சு ஆரம்பிச்சதுதான் இது. 1982-ல கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவோட 'தி மெசேஜ்' பாட்டு வந்தப்போதான் அந்த வறுமை ரேடியோ வழியா மத்தவங்க வீட்டுக்குள்ள போச்சு.

ஈரான்ல தூமாஜ் சாலேஹினு ஒரு ராப்பர். ஹிஜாப் சரியா போடலைன்னு போலீஸ் பிடிச்சிட்டுப் போன மஹ்சா அமினிங்கிற பொண்ணு செத்ததுக்கு மக்கள் தெருவுக்கு வந்தப்போ அவங்க பக்கம் நின்னு பாடினார், 2022 அக்டோபர்ல பிடிச்சு உள்ள போட்டாங்க, 2024 ஏப்ரல்ல மரண தண்டனைனு தீர்ப்பே வந்துச்சு. அப்புறம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி, டிசம்பர்லதான் வெளிய வந்தார். உயிரையே பணயம் வச்சுப் பாடின ஒருத்தரோட பாட்டை வெறும் கத்தல்னு எப்படிங்க சொல்றது?

பொண்ணுங்களை கேவலமா பேசுற ராப் நிறைய இருக்கு, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அதுக்கு பதிலடியும் ராப்லயே வந்துச்சு, 1993-ல குயீன் லத்தீஃபாங்கிற ராப் பாடகி அதைத் தட்டிக்கேட்டே ஒரு பாட்டு போட்டு கிராமியும் வாங்கினாங்க.

எனக்கு ரொம்ப கோவம் வர்றது இன்னொரு விஷயம். அமெரிக்க கோர்ட்டுகள்ல ராப் வரிகளைப் படிச்சுக் காட்டி, பார் இவன்தான் குற்றவாளின்னு வாதாடுறாங்க, கொலைக்கதை எழுதுற நாவலாசிரியரை யாராவது அப்படி கூண்டுல ஏத்துவாங்களா? கலிஃபோர்னியா 2022-ல இதுக்கு கட்டுப்பாடு வச்சு சட்டம் போட்டுச்சு, நல்ல விஷயம், ஆனா இதெல்லாம் நம்ம பத்திரிகைகள்ல எத்தனை பேர் கண்ணுல பட்டுச்சு?

அதனால ஒரு வேண்டுகோள் சார். ராப் பாட்டு வந்தா வியூஸ் எவ்வளவு, டிரெஸ் என்னன்னு மட்டும் போடாம அந்த வரிகளை அச்சடிங்க, எந்த சம்பவத்தைப் பத்தி பாடுறாங்கன்னு ஒரு நிருபரை அனுப்பி விசாரிச்சு எழுதுங்க, செய்திப் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்