இணையம் வந்தால்தான் அணையும் விளக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற நவராத்திரிக்குக் கொலுப்படிகளின் ஓரத்தில் ஒட்டுவதற்காக, செல்போனிலிருந்தே நிறம் மாற்றக்கூடிய ஐந்து மீட்டர் எல்.இ.டி. ஸ்டிரிப் ஒன்றை வாங்கினேன். இரண்டாம் நாள் மாலை தெருவில் கேபிள் அறுந்து இணையம் நின்றது. வீட்டு வைஃபை ஓடிக்கொண்டிருந்தும், செயலி விளக்கையே காணவில்லை என்று கைவிரித்துவிட்டது. நீலமும் சிவப்புமாக வெட்டி வெட்டி மின்னிக்கொண்டிருந்ததை நிறுத்த, என் தாயார் மரப்பாச்சிகளுக்குப் பின்னால் கையை நுழைத்து அடாப்டரைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

ஆறடி தள்ளியிருக்கும் விளக்குக்கு நாம் இடும் கட்டளை, ரவுட்டரைத் தாண்டி எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வரும்படி அமைத்திருப்பதே இதற்குக் காரணம். அந்த நிறுவனம் நாளை சர்வரை மூடிவிட்டால் செயலியால் பயனில்லை. இந்தச் சுற்றுவழி தொழில்நுட்பத்தின் கட்டாயமும் அன்று. இஎஸ்பி32 போன்ற மலிவான சில்லில் டபிள்யூஎல்இடி என்னும் கட்டற்ற மென்பொருளை ஏற்றினால், கட்டளை வீட்டு வாசலைத் தாண்டாமலே வேலை நடக்கும். நான் பின்னர் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். ஆனால் விளக்கு வாங்குகிறவர் எல்லாரும் சாலிடரிங் கம்பியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது நியாயமா?

அப்படி மாற்றும்போதுதான் மின்னோட்டக் கணக்கும் புரிந்தது. மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட 5 வோல்ட் டபிள்யூஎஸ்2812பி வகை ஸ்டிரிப், முழு வெண்மையில் ஐந்து மீட்டருக்கு 18 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. மின்சாரத்தை ஒரு முனையில் மட்டும் கொடுத்தால், போகப் போக மின்னழுத்தம் குறைந்து, கடைசி விளக்குகளில் வெள்ளை பழுப்பேறிச் சிவந்துவிடுகிறது. நடுவிலும் மறுமுனையிலும் தனிக் கம்பி இழுத்த பிறகே சரியாயிற்று.

பொட்டலத்தின் மீது விலையும் தயாரிப்பாளர் முகவரியும் இருக்க வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள். இணையம் இல்லாதபோது வீட்டு வைஃபையில் மட்டும் இந்த விளக்கு இயங்குமா, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் வைஃபை அலைவரிசையில் மட்டும்தான் இணையுமா, அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் தேவை என்ற மூன்று விவரங்களையும், கண்ணில் படும் எழுத்தில், தமிழிலும் அச்சிடச் செய்யுமாறு அரசைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.