முதலில் மண்ணைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவில், வடக்கு வர்ஜீனியாவின் கிராமப்புறக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஒன்றில் வீடு கட்டி முடித்த சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டோம். அவர்கள் சொல்லிக்கொடுத்தது அடுத்து மனை வாங்கப் போகும் நம்மவர்களுக்கும் பயன்படட்டும் என்றே தமிழிலும் எழுதுகிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

முதல் நன்றி, உரிமம் பெற்ற மண் ஆய்வாளருக்கு. நகரத்தில் கழிவுநீர்க் குழாய் தெருவோடு போகும். கிராமத்தில் செப்டிக் டேங்கும், அதிலிருந்து வெளியேறும் நீர் மண்ணுக்குள் இறங்கும் ட்ரெயின்ஃபீல்டும் நம் மனைக்குள்ளேயே அமைய வேண்டும். வர்ஜீனியாவில் படுக்கையறை ஒன்றுக்கு நாளுக்கு 150 கேலன் கழிவுநீர் என்று கணக்கு. நான்கு படுக்கையறை வேண்டுமென்றால், நாளுக்கு 600 கேலனை உறிஞ்சும் மண் இருக்க வேண்டும். மூன்றுக்குத்தான் மண் தாங்கும் என்றால் எத்தனை ஏக்கர் இருந்தாலும் மூன்றுதான்.

அந்த ஆய்வாளர் ஆகர் என்ற திருகுத் துளைக்கருவியால் துளையிட்டு, மேலிருந்து கீழ்வரை எடுத்த மண்ணை வரிசையாகத் தரையில் பரப்பிக் காட்டினார். சிவப்பும் பழுப்பும் நல்ல அடையாளம். சாம்பல் நிறத் திட்டுகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, ஈரமான மாதங்களில் அந்த மட்டம் வரை தண்ணீர் ஏறி நிற்கிறது என்று பொருள். கோடையில் போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். மண்ணின் நிறம் மட்டும் பொய் சொல்லாது. லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஃபாக்கியர், கல்பெப்பர் கவுண்டிகளின் ஊடே போகும் கல்பெப்பர் படுகைப் பகுதியில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அங்கே பல இடங்களில் பாறை மேலாகவே இருக்கும், அல்லது நம் ஊர்க் கரிசலைப் போல ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண் இருக்கும். ட்ரெயின்ஃபீல்டுக்கும் அது சிக்கல், அஸ்திவாரத்துக்கும் சிக்கல். சாதாரண செப்டிக் ஒத்துவராவிட்டால் கழிவுநீரைச் சுத்திகரித்து இறக்கும் மாற்று அமைப்பு உண்டு. ஆனால் செலவு கூடும், உரிமம் பெற்ற பராமரிப்பாளர் ஆண்டுதோறும் வந்து பார்த்தாக வேண்டும். எனவே மனை வாங்கும் ஒப்பந்தத்திலேயே ‘மண் ஆய்வு சரியாக வந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையை எழுத வைத்துவிடுங்கள். முன்பணம் கட்டிய பிறகு வரும் மண் அறிக்கையால் யாருக்கு என்ன லாபம்?

அடுத்து, கவுண்டி அலுவலகத்தின் பெர்மிட் கவுன்டரில் இருந்த அம்மையாருக்கு. சுகாதாரத் துறையின் செப்டிக், கிணறு அனுமதி முதலில், பிறகு ஜோனிங் (எந்த நிலத்தில் எதை, எங்கே கட்டலாம் என்ற விதிகள்), சாலை நுழைவு, மண் அரிப்புத் தடுப்பு, கட்டட பெர்மிட் கடைசியில். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொடுத்தவர் அவர். செப்டிக் அனுமதிக்கு 18 மாதம்தான் ஆயுள். கட்டட பெர்மிட் வாங்கினால் ஆறு மாதத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். இரண்டையும் பார்த்து நாள் குறிக்கச் சொன்னார்.

அவர் சொன்னவற்றில் நம் வீடுகளுக்கென்றே அமைந்தவை இரண்டு. ஒன்று, பூஜை அறை. வரைபடத்தில் கதவு, ஜன்னல், அலமாரியோடு ஓர் அறை இருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் அதைப் படுக்கையறையாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு. உடனே செப்டிக் கணக்கு இடிக்கும். கதவில்லாத வளைவு வாசலாக வரைந்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். இன்னொன்று, தாளிப்பதற்கென்று நாம் கேட்கும் இரண்டாவது சமையலறை. அதில் இன்னோர் அடுப்பைக் காட்டினால் பல கவுண்டிகளில் அது இரண்டாவது குடியிருப்பாகவே கருதப்படும். வரைபடம் போடும் முன்பே ஜோனிங் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

சின்ன விஷயங்கள், ஆனால் விண்ணப்பம் திரும்பி வரக் காரணமாகிறவை: வீட்டு பெர்மிட்டில் ‘மெக்கானிக்ஸ் லீன் ஏஜென்ட்’ (வேலை செய்தவர்கள் கூலி பாக்கிக்காக வீட்டின் மேல் கோரும் உரிமை பற்றிய அறிவிப்புகளைப் பெறும் முகவர்) என்ற கட்டத்தில் ஒருவரைக் குறிப்பிட வேண்டும், இல்லையென்றால் ‘நியமிக்கப்படவில்லை’ என்று போட வேண்டும். காலியாக விடக்கூடாது. கான்ட்ராக்டர் இல்லாமல் உரிமையாளரே பெர்மிட் எடுத்தால் அதற்கான உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். வீட்டுக்கும் சாலைக்கும் இடையே விட வேண்டிய செட்பேக் தூரத்தைத் தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். சாலைக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். அது பெரும்பாலும் பல அடி உள்ளே இருக்கும். இதைச் சரியாகக் குறித்துத் தந்த சர்வேயருக்கும் நன்றி. 256 சதுர அடி வரையிலான தனி ஷெட்டுக்குக் கட்டட பெர்மிட் தேவையில்லைதான். ஜோனிங் விதிகள் அதற்கும் உண்டு.

மாநிலச் சாலைத் துறையினருக்கு ஒரு வரி. வர்ஜீனியாவில் 1932 முதல் பெரும்பாலான கவுண்டிச் சாலைகளையும் மாநிலமே பராமரிக்கிறது. ஆகவே வீட்டுக்கு வரும் வண்டிப்பாதையான டிரைவ்வே சாலையில் சேரும் இடத்துக்கு அவர்கள் அனுமதி வேண்டும். வளைவிலோ மேட்டின் முதுகிலோ நுழைவு வைத்தால் பார்வைத் தூரம் போதாது என்று மறுப்பார்கள். வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கும் முன் இதைக் கேளுங்கள்.

மண் அரிப்பைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டரிடம் கற்றதும் உண்டு. பொதுவாக 10,000 சதுர அடி நிலத்தைக் கிளறினால் அனுமதி வேண்டும்; செசபீக் விரிகுடாப் பாதுகாப்புப் பகுதிகளில் 2,500 சதுர அடியைக் கிளறினாலே அனுமதி வேண்டும். வீட்டின் பரப்பை மட்டும் கூட்டக்கூடாது. டிரைவ்வே, ட்ரெயின்ஃபீல்ட், தோண்டிய மண்ணைக் குவிக்கும் இடம் எல்லாம் சேரும். மண் அடித்துச் செல்லாமல் தடுக்கக் கட்டும் கறுப்புத் துணி வேலியின் அடிப்பகுதியை நான்கு அங்குலப் பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும். பலர் கம்பை மட்டும் நட்டுவிட்டுப் போகிறார்கள். முதல் மழையிலேயே தண்ணீர் துணிக்கு அடியில் புகுந்து பக்கத்து மனைக்குச் செம்மண்ணைக் கொண்டுபோகிறது.

கட்டட இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. இந்தப் பக்கம் ஃபூட்டிங் (அஸ்திவாரத்தின் அடிக் கான்கிரீட்) பெரும்பாலும் 24 அங்குல ஆழம், உறைபனி மட்டத்துக்குக் கீழே போவதற்காக. ஆழம் சரியாக இருந்தும் சோதனையில் தேறாமல் போகும் காரணங்களை அவர் முன்கூட்டியே சொன்னார். தோண்டிய இரவே மழை பெய்தால் அடிக் களிமண் குழைந்துவிடும். தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது, குழைந்த மண்ணைச் சுரண்டி எடுத்து இறுகிய தரையைக் காட்ட வேண்டும். கம்பியை மண்ணில் கிடத்தக்கூடாது. மூன்று அங்குலம் தூக்கி நிறுத்த வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்திடும் முன் கான்கிரீட் லாரிக்குப் பணம் கட்டாதீர்கள். சுவருக்குள் போகிற வயர், குழாய், ஏசி டக்ட் எதையும் அவர் பார்க்கும் முன் மூடாதீர்கள். டக்ட் போக வழியில்லை என்று கூரையைத் தாங்கும் மரச்சட்டமான டிரஸ்ஸின் ஒரு கட்டையை அறுத்துவிட்டால் தச்சர் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. பொறியாளர் சரிசெய்யும் முறையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தாளிப்புப் புகைக்காகப் பெரிய ஹூட் வாங்குகிறவர்கள் கவனிக்க: நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் ஹூட் இருந்து, வீட்டுக்குள் சாதாரணப் புகைபோக்கியோடு கேஸ் வாட்டர் ஹீட்டரும் இருந்தால், வெளிக்காற்று உள்ளே வரத் தனி வழி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஹூட் ஹீட்டரின் புகையையே வீட்டுக்குள் இழுத்துவிடும்.

பேக்ஹோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவர் முதல் நாளே செய்த காரியம், ட்ரெயின்ஃபீல்ட் இடத்தைச் சுற்றி ஆரஞ்சு வேலி கட்டியது. கான்கிரீட் லாரி அதன்மேல் ஏறினால் மண் இறுகி, உறிஞ்சும் தன்மை போய்விடும். அனுமதி கொடுத்த மண் அங்கே இருக்காது. தோண்டும் முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் 811 என்ற எண்ணை அழைத்து மூன்று வேலை நாள் காத்திருக்க வைத்தவரும் அவரே.

கிணறு தோண்டியவருக்கும் நன்றி. சுகாதாரத் துறை செப்டிக்குக்கும் கிணற்றுக்கும் இறுதி ஒப்புதல் தராமல் குடியேறும் சான்று வராது. கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்தபின், குளோரின் முழுதும் வெளியேறும்வரை தண்ணீரை ஓடவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். அந்தக் குளோரின் தண்ணீரை செப்டிக்குக்குள் விடாமல் வெளியே விடுங்கள். மாதிரியைத் தோட்டக் குழாயில் பிடிக்காதீர்கள். உள் குழாயின் முனையிலுள்ள வலையைக் கழற்றி, வாயைச் சுத்தம் செய்து, சில நிமிடம் ஓடவிட்டு, ஆய்வகம் தந்த புட்டியின் உட்புறத்தைத் தொடாமல் பிடிக்க வேண்டும். அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
கவுண்டித் தமிழ்க் குடும்பங்கள்