பழைய கார் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

கொஞ்ச நாளாக வேளச்சேரி அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் நம் ஒர்க்‌ஷாப்பைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. நன்றாக ஓடுகிற வண்டியைக்கூடக் காயலான் கடைக்குத் தள்ளச் சொல்கிறோமாம், அதற்குப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் கமிஷன் வாங்குகிறோமாம். சிலர் நேரில் வந்தே கேட்டுவிட்டீர்கள், சந்தோஷம். கேட்கத் தயங்குபவர்களுக்காக இந்த மடல்.

புதுப்பேட்டைக்கு நாங்கள் போவது உண்மைதான். ஸென், பழைய சான்ட்ரோ மாதிரி உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு டோர் லாக்கும் விண்டோ மெஷினும் வேறு எங்கே கிடைக்கும்? வெயிலில் அங்கே கடை கடையாக ஏறி இறங்குவது உங்கள் வண்டி இன்னும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்தப் பேச்சுக்குக் காரணமான வண்டி 2010 மாடல் பெட்ரோல் கார். இன்ஜின் அருமையாக இருந்தது, அதை நாங்கள் மறுக்கவே இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி அது. ஆயிலை மாற்றி ஓட்ட ஆரம்பித்தவர்கள் ஃப்ளோர் கார்பெட்டைக் கழற்றிக் காயவைக்கவில்லை. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஈரத்தை விடாது. மேலே பெயிண்ட் பளபளக்கும், தகரம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். லிஃப்டில் ஏற்றி, டிரைவர் சீட்டுக்கு அடியில் ஓடும் சேஸிஸ் மெம்பர் என்ற இரும்புச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினோம். பொத்துக்கொண்டு உள்ளே போனது. உரிமையாளரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே அழுத்திப் பார்க்கச் சொன்னோம். தகடு வைத்து வெல்டிங் அடித்துக் காசு வாங்கியிருக்கலாம். மோதினால் அடியைத் தாங்க வேண்டிய இடம் அது. பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிப்போகிற வண்டி. மனசு வரவில்லை, அதனால்தான் வண்டியை விட்டுவிடச் சொன்னோம்.

வயதைப் பார்த்து எந்த வண்டியையும் நாங்கள் ஒதுக்குவதில்லை. 15 வருஷமானால் பெட்ரோல் வண்டியை ஓட்டக்கூடாது என்பது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. நம் ஊரில் ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கார்களுக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனதும் பலர் மிரண்டார்கள். அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம் என்று தடுத்ததும் நாங்கள்தான். கிளட்ச், சஸ்பென்ஷன், ஏன், ஹெட் கேஸ்கட் போனாலும் செய்து ஓட்டலாம். அடிப்பகுதி துருவேறியிருந்தாலோ, செலவு வண்டியின் விலையையே தாண்டினாலோதான் விட்டுவிடச் சொல்வோம். அப்போதும் அரசுப் பதிவு பெற்ற ஸ்க்ராப் நிலையத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆர்.சி.யை ரத்து செய்யாமல் கொடுத்தால், பின்னால் வரும் வம்பு உங்கள் பெயரில்தான் வரும்.

2015 வெள்ளத்தில் வண்டிகளை எங்களை நம்பி விட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் நீங்கள். இப்போதும் அந்தக் குழுக்களில் எங்களுக்காகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். இந்த அன்புக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

டிங்கர் அண்ணன் சொந்த ஊருக்குப் போய்விட்டதால் பெரிய டிங்கரிங் வேலை இப்போதைக்கு எடுப்பதில்லை. லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அடுத்த மாதம் முதல் 500 ரூபாய், வேலையை இங்கே செய்தால் பில்லில் கழித்துவிடுவோம்.

ஆர்.சி. முடிய சில மாதம் இருக்கும்போதே வண்டியைக் கொண்டுவாருங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களை எப்போதும்போல உங்கள் கையிலேயே தந்துவிடுவோம்.

அன்புடன்,
ஒர்க்‌ஷாப் உரிமையாளர், வேளச்சேரி