படத்தில் அடுப்படியிலும் புர்காவா?

அன்புள்ள சாந்தி,

உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா உடனே கையேந்தி துஆ செய்தார்கள். வாணியம்பாடியில் வெயில் ஆரம்பித்துவிட்டது, மாமியாருக்கு மூட்டுவலி, மற்றபடி நலம்.

அப்புறம், ஏதோ படத்தில் முஸ்லிம் அம்மா தோசை ஊற்றும்போதும் புர்காவோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் இப்படித்தானா என்று உன் மகள் கேட்டாளாமே. நீ எங்கள் வீட்டில் பார்த்ததையே சொல்லிவிடு. நைட்டி, புடவை, தலை திறந்துதான் இருக்கும், பாங்கு கேட்டால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வோம். கணவர், அப்பா, மாமனார், கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று யார் முன்னால் மறைக்க வேண்டாம் என்பதைக் குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது. அதில் கொழுந்தனார் இல்லை, அதனால் அவர் வந்தால் முக்காடு. வெளியே போக பாட்டி வெள்ளைத் துப்பட்டி போர்த்தினார், நான் கறுப்பு புர்கா போடுகிறேன்.

ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு, கணவனோடு தனியாக இருக்கிற காட்சியிலும் நடிகை தலையை மூடியாக வேண்டும், பார்க்கிற ஆண்கள் அந்நியர்கள் என்பதால். அந்தப் பொய் பிடிக்காமல் சில இயக்குநர்கள் வீட்டுக்குள் கேமராவைக் கொண்டுபோகாமல் தெருவிலும் காரிலுமே படமெடுத்தார்கள். நம் ஊர் சினிமாவுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, எங்களை அடையாளம் காட்ட வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது சாந்தி, நாங்கள் சிரிப்பதும் தலை வாருவதும் பிள்ளையை அதட்டுவதும் எதுவும் அந்தத் துணிக்குள்ளிருந்து வெளியே வருவதே இல்லை.

ஆனால் இன்று எங்களுக்குப் பெரிய கவலை செல்போன்தான். கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் நுழைந்ததும் புர்காவைக் கழற்றிவிட்டுப் பட்டும் நகையும் பூவுமாக நிம்மதியாக உட்காருவோம், இப்போது யாராவது வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார்கள், ஊரே பார்க்கிறது. 2023 மார்ச்சில் வேலூர் கோட்டைக்கு வந்த ஒரு பெண்ணை ஹிஜாபைக் கழற்றச் சொல்லி மிரட்டி, அதைப் படமெடுத்துப் பரப்பினார்களே, ஏழு பேரைப் பிடித்தார்கள். எனக்கும் அந்த வீடியோ வந்தது, நான் திறக்கவே இல்லை. போடுவதும் கழற்றுவதும் அவள் விருப்பம், இவர்கள் யார் கேட்க?

அடுத்த மாதம் ஆம்பூரில் நாத்தனார் மகளுக்கு நிக்காஹ். மகளையும் கூட்டிக்கொண்டு வா, பெண்கள் பக்கம் அவளே நேரில் பார்க்கட்டும், செல்லை மட்டும் பைக்குள் வைக்கச் சொல்.

உன்,
ஜரீனா