ஏரிகளுக்குப் பெயர் வந்த வழி: கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

கனடாவின் மனிடோபா, சஸ்காட்செவன் மாகாணங்களில், போரில் மாண்ட வீரர்களின் பெயர்களை ஏரி, தீவு, குடா, முனை என்று நிலப்படத்தில் ஏற்றிவைக்க உழைத்தவர்களுக்கும் இன்றும் உழைப்பவர்களுக்கும் இந்த மடல்.

மனிடோபாவில் மட்டும் இப்படிப் பெயர் பெற்ற இடங்கள் 4,200-க்கும் மேல். அந்தமானில் 2023 ஜனவரி 23 அன்று 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டதை நாம் அறிவோம். அது வீரத்துக்கான உச்ச விருதை அளவாகக் கொண்டது. மனிடோபாவிலோ விருதும் பதவியும் கேள்வியே இல்லை. சேர்ந்து சில மாதங்களில் இறந்த சாதாரண சிப்பாய்க்கும் ஒரு ஏரி உண்டு. எங்களை இந்த வேலையோடு கட்டிப்போட்டது அந்தச் சமநிலைதான்.

முதல் நன்றி, ஆவணங்களைப் புரட்டியவர்களுக்கு. இறந்தவர் எந்த மாகாணத்தவர் என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் தரைப்படை வீரரின் சேவை எண் 'எல்' என்று தொடங்கினால் சஸ்காட்செவன், 'எச்' என்றால் மனிடோபா என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் 'எச்' எழுத்து பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவின் வடமேற்குப் பகுதிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. விமானப்படையினரின் 'ஆர்' எண்ணில் மாகாணத் தடயமே கிடையாது. ஆகவே எண்ணை மட்டும் நம்பினால் ஒருவர் இரண்டு மாகாணங்களில் பதிவாவார், இன்னொருவர் இரண்டிலுமே விடுபடுவார். படைக் கோப்பில் உள்ள முகவரி, நெருங்கிய உறவினர் பெயர், இறந்த தேதி, கல்லறைப் பதிவு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர்களால்தான் பட்டியல் தேறியது.

எழுத்துக்கூட்டலைத் திருத்திய குடும்பங்களுக்கு அடுத்த நன்றி. உக்ரேனிய, போலந்து, ஐஸ்லாந்துப் பெயர்களைப் படைச் சேர்க்கை மேசையில் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார்கள். அந்தப் பிழை அப்படியே நிலப்படத்துக்கு ஏறினால், பிறகு மாற்றுவதற்கு முழு நடைமுறையையும் மறுபடி தொடங்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றும் பழைய கடித உறையும் அனுப்பிவைத்தீர்களே, அவை அந்த அலைச்சலைத் தவிர்த்தன. ஒரே குடும்பப் பெயர் பலருக்கு இருக்கும்போது முதற்பெயரையும் சேர்த்தால்தான் எந்த ஏரி யாருடையது என்று தெரியும். அதற்கும் உங்கள் கடிதங்களே துணை.

கிரீ, டெனே பழங்குடி மூத்தோருக்கு எங்கள் நன்றி தனியானது. 1:50,000 அளவு நிலப்படத் தாளில் பெயரில்லாத ஏரி, உண்மையில் பெயரில்லாத ஏரி அல்ல. மீன் பிடிக்கவும் பொறி வைக்கவும் தலைமுறைகளாகப் போய்வருபவர்களின் வாயில் அதற்குப் பெயர் இருக்கும். அதைக் கேட்காமல் சூட்டினால், ஒருவரின் நினைவைக் காக்க இன்னொருவரின் நினைவை அழித்ததாகும். "அதற்குப் பெயர் உண்டு" என்று நீங்கள் சொன்ன இடத்தை விட்டு வேறிடம் தேடுவதில் நட்டமில்லை. அங்கே ஏரிக்குப் பஞ்சமில்லை.

நில அளவையாளர்களுக்கும், நீரில் இறங்கும் மிதவை விமானங்களை ஓட்டுபவர்களுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறோம். டேட்டம் என்பது இட எண்களைக் கணக்கிட அடிப்படையாகும் புவி அளவை; பழைய தாள்கள் 1927 டேட்டத்திலும் புதியவை 1983 டேட்டத்திலும் அமைந்தவை. நிலப்படக் கட்டத்தில் இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் யூடிஎம் எண்ணை டேட்டம் பார்க்காமல் ஜிபிஎஸ்ஸில் இட்டால், வடக்கு தெற்காக ஏறக்குறைய 200 மீட்டர் விலகும். பெரிய ஏரியில் அது பொருட்டல்ல. சிறு தீவு என்றால் பக்கத்துத் தீவில் இறங்கிவிடுவோம். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகே டேட்டத்தைக் குறித்துவைத்த கைகளுக்கு வணக்கம்.

பாறையில் வெண்கலப் பட்டயம் பதித்தவர்களிடம் கற்றதை இனிப் பதிக்கப் போகிறவர்களுக்காக எழுதிவைக்கிறோம். முதலில் மாகாண அனுமதி. பனிக்கட்டி உடையும் காலத்தில் காற்று அதைக் கரைமேல் தள்ளும். அந்தத் தள்ளல் எட்டும் கோட்டுக்கு மேலே இடம் பாருங்கள். தட்டினால் வெற்றொலி எழும் பாறை உள்ளே பிளந்தது, அதை விட்டுவிடுங்கள். ஆணிக்காகப் போட்ட துளையில் உள்ள கல்தூளை ஊதி எடுத்து, ஈரம் போக்கிய பிறகே எபாக்சிப் பசை. தூள் இருந்தால் ஒட்டாது. பட்டயத்துக்குப் பின்னால் நீர் தேங்கினால், உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து ஆணியையே நெம்பிவிடும். எனவே மேல் விளிம்பை நன்றாக அடைத்து, கீழ் விளிம்பில் நீர் வடிய இடைவெளி விடுங்கள். கடுங்குளிரில் எபாக்சி இறுகாது. கோடையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

பட்டயத்தின் வார்ப்புக்கு முன், பெயரையும் தேதிகளையும் குடும்பத்தாரிடம் உரக்கப் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்கிய ஒவ்வொருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.