பின்பக்க ஸ்பீக்கர்கள் பேசட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிவிக்கு வாங்கிய சவுண்ட்பார் என்ற நீள ஸ்பீக்கரைப் பொருத்த வந்த இளைஞர், ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளைச் செருகி, ஒரு பாட்டுப் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதனுடன் வந்த பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் மௌன விரதம். கடையில் கேட்டால், ‘அந்த மாடலே அப்படித்தான் சார்’ என்கிறார்கள்! குறை டிவியின் அமைப்பில் இருந்தது. ஒலி வெளியீடு ‘பிசிஎம்’ (டிவியே சுருக்கம் பிரித்து அனுப்பும் ஒலி) என்றிருந்தால் ஆப்டிகல் வழியே வலம், இடம் என இரண்டு ஒலித்தடங்கள் மட்டுமே போகும். சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்பும் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றியதும், ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு பாஸ் பெட்டிக்கும் தனித்தனி ஒலி தரும் டால்பி டிஜிட்டல் 5.1 முழுதாக வந்தது. (செய்தி சேனல்களின் இரண்டு தட ஸ்டீரியோ ஒலிக்குப் பின்பக்கம் பேசாதது கோளாறல்ல.) டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும், ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையைப் பயன்படுத்தியிருந்தால் சவுண்ட்பாரின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்க டிவி ரிமோட்டே போதும், அதையும் அவர் சொல்லவில்லை. கையேட்டில் போலந்து மொழிகூட இருக்கிறது, தமிழைக் காணோம். 5.1 படம் ஒன்றை ஓட்டிக் காட்டிய பிறகே கையெழுத்துக் கேட்கும்படி கடைக்காரர்கள் தங்கள் ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டும்.

- ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், பாளையங்கோட்டை