திருவிழா நோட்டீஸ் போல ஒரு தாள் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பூசையில் ஃபாதர் ஆற்றும் மறையுரை, அதாவது பிரசங்கம், எத்தனை நிமிடம் இருக்க வேண்டும் என்ற விவாதம் உங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாக ஓடுகிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் சொன்னதை ஆளுக்கொரு முறை எடுத்துக்காட்டியும் விட்டார்கள். எனக்கு நிமிடக் கணக்கில் பெரிய குறை இல்லை. போன ஞாயிறு கேட்டதற்கும் இந்த ஞாயிறு கேட்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் குறை அதுதான்.

இருபது வருடத்துக்கு மேல் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். 2024-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும். அது இரண்டாம் ஆண்டு, அதாவது மாற்கு நற்செய்தியின் ஆண்டு. மாற்கு சின்ன நற்செய்தி என்பதால் பொதுக்காலத்தின் (சிறப்புக் காலங்கள் போக மீதி வாரங்கள்) 17 முதல் 21 வரை ஐந்து ஞாயிறும் யோவான் ஆறாம் அதிகாரம் வரும். முதல் வாரம், ஒரு பையனிடம் இருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளிப்பது. அப்புறம் ‘வாழ்வு தரும் உணவு நானே’. அதற்குப் பின் யூதர்களின் முணுமுணுப்பு. நான்காம் வாரம், தம் சதையும் இரத்தமும் உணவு என்று இயேசு சொல்வது. கடைசியில் பலர் விட்டுவிட்டுப் போக, ‘யாரிடம் போவோம்?’ என்று பேதுரு கேட்பது. ஒரே அதிகாரம், படிப்படியாக ஏறுகிறது. பூசையில் இயேசுவின் உடலாகப் பெறும் நற்கருணையைப் பற்றி, ஒரு பங்குக்கே (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்களுக்கே) உட்கார்ந்து பாடம் நடத்த இதைவிட நல்ல வாய்ப்பு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

எங்கள் பங்கில் முதல் ஞாயிறு பெரிய ஃபாதர், அப்பத்தைப் பகிர்ந்துகொண்ட பையனைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். அடுத்த ஞாயிறு சின்ன ஃபாதர், அவரும் அதே பையன். மூன்றாம் ஞாயிறு வெளியிலிருந்து பூசைக்கு வந்த ஃபாதருக்கு முந்தின இரண்டு வாரமும் இங்கே என்ன சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? அவரும் பையனைக் கூப்பிட்டுவிட்டார். அன்று வகுப்பில் ஏழாவது படிக்கிற ஒருவன் எழுந்து, “மிஸ், அந்தக் கூடை இன்னுமா காலியாகல?” என்றான். பன்னிரண்டு கூடை மிச்சம் என்று பைபிளிலேயே இருக்கிறதே என்று சொல்லிச் சமாளித்தேன். நான்காம் ஞாயிறு சுதந்திர தினத்தை ஒட்டி நாட்டுப்பற்று. ஐந்தாம் ஞாயிறு கோபுர நிதியின் வரவு செலவு. பேதுருவின் கேள்வி எங்கள் கோவிலில் கேட்கப்படவே இல்லை.

யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நான்கு கிளைக் கிராமம், பள்ளிக்கூட நிர்வாகம், அடக்கப் பூசை, கல்யாணம் என்று ஓடுகிறவர் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் வாசகத்தைத் திறக்கிறார். ஆனால் இதே பங்குதான் திருவிழா என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே நோட்டீஸ் அடிக்கிறது. முதல் நாள் கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாளும் யார் மறையுரை, என்ன தலைப்பு, எந்த அன்பியம் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) சிறப்பிக்கிறது, அன்னதானம் யாருடையது, தேர் எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் திரும்பும் என்பது வரை அதில் இருக்கும். ஒரு நாள் தலைப்பு இன்னொரு நாள் வந்துவிட்டால் பங்குப் பேரவையில் சண்டையே வரும். ஆக, நமக்குத் திட்டம் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பத்து நாளுக்குப் போடுகிறோம். மீதி நாட்களை அப்படியே விட்டுவிடுகிறோம்.

‘தூய ஆவியார் பேச வைப்பார், முன்கூட்டி எழுதி வைப்பது பள்ளிக்கூடப் பாடத்திட்டம் மாதிரி ஆகிவிடும்’ என்று ஒரு ஃபாதர் என்னிடம் சொன்னார். ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் (2013) திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பேச்சுக்கு மென்மையாகப் பதில் சொல்லவில்லை. தயாரிக்காமல் பேசுகிறவர் ஆன்மிகவாதி அல்ல, தான் பெற்ற கொடைகளிடம் நேர்மையும் பொறுப்பும் இல்லாதவர் என்கிறார், 145-ஆம் எண்ணில்.

அடுத்தது மறைக்கல்வி. எங்கள் வகுப்பு பள்ளி ஆண்டை ஒட்டி ஜூனில் தொடங்குகிறது. வழிபாட்டு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் தொடங்குகிறது. பீடத்தில் தவக்காலம் நடக்கும்போது பாடப்புத்தகத்தில் நோவாவின் பேழை மிதந்துகொண்டிருக்கும். அன்பியக் கூட்டத்தில் வேறொரு பகுதி. ஒரே வீட்டில் அப்பா ஒன்றைக் கேட்டு வருகிறார், பிள்ளை ஒன்றைப் படித்து வருகிறது, அம்மா அன்பியத்தில் வேறொன்றைப் பகிர்கிறார். சாப்பிடும்போது பேசிக்கொள்ளப் பொதுவாக என்ன இருக்கும்? இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. திருவழிபாட்டுப் பேராயத்தின் 2014-ஆம் ஆண்டு மறையுரை வழிகாட்டியில் ஒரு பின்னிணைப்பு உண்டு. மூன்று ஆண்டுச் சுழற்சியின் ஞாயிறுகளுக்கும் பெருவிழாக்களுக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் எந்தெந்த எண்கள் பொருந்தும் என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். பாதி வேலை முடிந்த மாதிரிதான். நம் பங்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டியது மட்டும் பாக்கி.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பங்குத்தந்தையர், மறைக்கல்வி ஆசிரியர்கள், அன்பியப் பொறுப்பாளர்கள், பாடகர் குழுவிலிருந்து ஒருவர் எல்லாரும் உட்கார வேண்டும். ஒரு பெரிய தாளில் ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் நேரே வாசகம், ஒரு வரியில் கரு, பிள்ளைகளுக்கு எந்தப் பாடம், அன்பியத்தில் எந்தக் கேள்வி. பீடத்தில் நின்று மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் வெளியிலிருந்து வருகிறவரிடம் அந்தத் தாளின் ஒரு நகலைக் கொடுத்தாலே போதும், பையனுக்கு ஓய்வு கிடைக்கும்.

இன்னொன்று, தாள் பங்குப் பேரவையிடம் இருக்க வேண்டும். மே மாதம் ஃபாதர்களுக்கு மாற்றல் வரும். பழையவர் போகும்போது திட்டமும் அவர் பெட்டியோடு போய்விடும். புதியவர் வந்து ‘இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவருக்கும் தெரிவதில்லை. எங்கள் பங்கில் இதுவரை மூன்று முறை இப்படி ஆகியிருக்கிறது.

2026 நவம்பர் 29-ஆம் தேதி மறுபடி இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. அப்படியானால் 2027 ஜூலை 25 முதல் யோவான் ஆறாம் அதிகாரம். காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வருடம் ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமை. அன்று மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா வாசகங்கள்தான் வரும், கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிற வேலை வேறு. நான்காம் பகுதி, அந்த சதையும் இரத்தமும், பீடத்தில் வாசிக்கப்படவே போவதில்லை. ஆனால் அந்தப் பகுதி தொடங்கும் 51-ஆம் வசனத்தில்தான் முந்தின ஞாயிறு, ஆகஸ்ட் 8-ஆம் தேதி வாசகம் முடிகிறது. இப்போதே குறித்து வைத்தால் அன்றே இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கும் அந்த வாரமே அந்தப் பாடத்தை வைக்கலாம். ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

வேறு பங்குகளில் இப்படி ஒரு தாளைப் போட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் இதே பகுதியில் எழுதச் சொல்லுங்கள். எங்கே இடித்தது என்பதையும் மறைக்காமல் எழுதட்டும். நான் என் பங்குக்கு ஒன்றைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஜூனுக்கு மேல் உள்ளதை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை